சைக்கிளும் சைகையும்



வாய் திறவாமல் கையினாலேயே கருத்தை அறிவிக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில், வியாபாரிகள் ஒரு துணியின் கீழே கைகளை மறைத்துக்கொண்டு, விரல்களைத் தொட்டுத் தொட்டே விலை பேசி முடித்தனர். சுற்றி நின்றவர்க்கு ஒன்றும் விளங்காது; பேசிய இருவருக்கும் ஒரு காசும் பிசகாமல் விளங்கும். தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரல்பிடித்து விலை பேசும் முறையும் இத்தகையதே. இந்த ஊமை மொழி பிழையின்றி நடந்தமைக்குக் காரணம் ஒன்றுதான். பேசுபவரும் அதனைக் கற்றிருந்தார். கேட்பவரும் அதனைக் கற்றிருந்தார்.

வீதியிலே சைக்கிளிற் செல்பவர் ஒரு கையை எடுத்து நீட்டுகிறாரே, அதுவும் ஒரு மொழிதான். ஆனால், அந்த மொழியை அவருக்குக் கற்பித்தவர் யார்? பின்னே வரும் பஸ் சாரதி அதனை எங்கே கற்றார்? எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும், ஓரமாக நடந்து வரும் பாட்டிக்கும் அந்தக் கை என்ன சொல்கிறது? முத்துச் சந்தையிலே பொருள் பிசகினால் காசுதான் போகும். வீதியிலே பொருள் பிசகினால் உயிரே போய்விடும். ஆகையால் இந்தச் சிறிய கைச்சைகையின் வரலாற்றை ஆராய்வது வீண் வேலையாகாது.

கிழக்குக் கரையிலுள்ள பெரியநீலாவணையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். கவிஞர் நீலாவணன் தமது புனைபெயரைப் பெற்ற ஊர் அது. 1961ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, புதிய எல்லையின் தென்பக்கத்திலே முதலாவதாக அமைந்த ஊரும் அதுவே. வடக்கே கல்லாறும் துறைநீலாவணையும். தெற்கே நெசவுக்குப் பேர்போன மருதமுனை, அப்பால் பாண்டிருப்பு, அதற்கும் அப்பால் கல்முனை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இவை. ஊருக்கு ஊர் எல்லைக்கல்லைத் தேடித்தான் பார்க்கவேண்டும். வீடுகள் அவ்வளவு நெருக்கம்.

இவ்வூர்களின் அமைப்பிலே நமது பொருளுக்கு மிகவும் வேண்டிய ஓர் உண்மை உண்டு. கிழக்கே கடல். மேற்கே மட்டக்களப்பு வாவியும் வயல்வெளியும். இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணல்நிலம். அந்த நிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் நெடுஞ்சாலை. ஏ நான்கு என்று இலக்கமிட்ட அந்த வீதி, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாகக் கிழக்குக் கரையைச் சுற்றி வந்து மட்டக்களப்பிலே முடிகிறது. ஊர்க்காரர் அனைவர்க்கும் நெடுவழி அது ஒன்றுதான். அதிலிருந்து திரும்புகிறவர் கடற்பக்கம் திரும்பவேண்டும். அல்லது வாவிப்பக்கம் திரும்பவேண்டும்.

இலங்கையிலே வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்லவேண்டும் என்பது விதி. கல்முனைச் சந்தையிலிருந்து வடக்கு நோக்கிச் சைக்கிளில் வருபவர், பெரியநீலாவணையிலே கடற்பக்கத்துள்ள தம் வீட்டுக்குப் போவதாயின், வலப்பக்கம் திரும்பவேண்டும். அப்பொழுது பின்னே வரும் வாகனத்தின் முன்னாற் குறுக்கிட்டு, எதிரே வரும் வாகனத்தின் பாதையையும் கடந்து செல்லவேண்டும். அவருடைய அயலவர் வாவிப்பக்கத்தில் இருந்தாலோ, இடப்பக்கம் சுலபமாக ஒதுங்கிவிடுவார். ஒருவருக்கு வீடு திரும்புவது விளையாட்டு. மற்றவருக்கு அது ஆபத்தான முயற்சி. காலையிலே தெற்கு நோக்கிச் செல்லும்போது இந்நிலை தலைகீழாகிவிடும். நெடுஞ்சாலையின் இரு பக்கங்களிலும் வாழும் மக்கள் நாள்தோறும் இந்தக் கணக்கைத் தம்மையறியாமலே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே கொடியேற்று விழா நடக்கும் நாட்களிலும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதிப்பு நடக்கும் நாட்களிலும் இக்கணக்குப் பன்மடங்கு பெருகும். அந்தத் திருப்பத்திலே அவர்களுக்குத் துணையாக இருப்பது நீட்டிய கை ஒன்றே.

இனி அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

மாட்டுவண்டிக் காலத்திலே சைகைக்கு அதிக வேலை இல்லை. வண்டிக்காரர் குரல் கொடுத்தார், மாட்டின் கழுத்துமணி ஒலித்தது, வேகமோ நடைவேகம். பின்னே வருபவர் பார்த்து, யோசித்து, விலகுவதற்கு நேரம் தாராளமாக இருந்தது. சைக்கிளின் கதை வேறு. 1817ஆம் ஆண்டிலே ஜெர்மன் நாட்டு மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்திற் பூட்டி, காலால் நிலத்தை உந்தி ஓட்டிக் காட்டினார். மிதிகட்டை 1860களிலே பிரான்சிற் சேர்ந்தது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி அமைத்த றோவர் சைக்கிள், ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் சங்கிலியும் கொண்டிருந்தது. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கண்டார். இவ்வளவும் சேர்ந்தபோதுதான், ஏழை எளியவரும் ஏறக்கூடிய, ஓசையின்றி ஓடக்கூடிய, குதிரையைப்போல் வேகமுள்ள ஒரு வாகனம் உலகுக்குக் கிடைத்தது. ஓசையின்மை அதன் அழகு. அதுவே அதன் ஆபத்துமாகும். மணியடித்தாலன்றி அது வருவது தெரியாது. கை காட்டினாலன்றி அது போகுமிடம் தெரியாது.

பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. முதலிலே அவற்றுக்கும் சைக்கிளுக்கும் ஒரே மொழிதான் இருந்தது. சாரதியும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். ஆயினும் ஊருக்கு ஊர் வெவ்வேறு சைகை. ஆளுக்கு ஆள் வெவ்வேறு பொருள். இக்குழப்பத்தை ஒழிக்கும் முயற்சிகளிலே முக்கியமானது, 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி பிரித்தானியாவிலே வெளியான வீதி ஒழுங்குக் கைந்நூலாகும். அதன் விலை ஒரு பென்னி. அப்போது அந்நாட்டிலிருந்த மோட்டார் வாகனங்கள் 23 லட்சமே; ஆயினும் ஆண்டுதோறும் 7,000 பேருக்கு மேல் வீதி விபத்துக்களில் மாண்டுகொண்டிருந்தனர். எனவே அந்நூல் கைச்சைகைகளுக்குப் பெருமிடம் கொடுத்தது. குதிரை வண்டிக்காரரையும் அது மறக்கவில்லை. திரும்புவதற்கு முன் சவுக்கைத் தலைக்குமேலே சுழற்றி, பின்னர் திரும்ப வேண்டிய பக்கமாகச் சாய்த்துக் காட்டவேண்டும் என்று அது அவருக்குச் சொல்லியது.

அந்த வழக்கிலிருந்து பிறந்த ஐந்து சைகைகள் பிரித்தானிய ஆட்சி நிலவிய நாடுகளெங்கும் பரவின. இந்தியாவிலே 1989ஆம் ஆண்டின் வீதி விதிகளிலும் அவை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. 2017இல் வேறு விதிகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேகம் குறைப்பதாயின், வலக்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்தல். நிற்பதாயின், வலது முன்கையை நிமிர்த்தி உயர்த்துதல். வலப்பக்கம் திரும்புவதாயின், வலக்கையை நேராக நீட்டி, உள்ளங்கையை முன்புறம் காட்டுதல். இடப்பக்கம் திரும்புவதாயின், அதே வலக்கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழற்றுதல். பின்னே வருபவரை முந்திச் செல்ல விடுவதாயின், வலக்கையை முன்னும் பின்னுமாக அரைவட்டமாக வீசுதல்.

நேயர்கள் இதிலே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஐந்துக்கும் வலக்கை ஒன்றே பயன்படுகிறது. காரணம் வெளிப்படை. இடப்பக்கமாகச் செல்லும் நாடுகளிலே சாரதி வண்டியின் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இடக்கையை வெளியிலிருப்பவர் எவரும் காணமுடியாது. ஆகையால் இடப்பக்கம் போவதையும் வலக்கையாலேயே சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது. சுழற்றும் சைகை பிறந்தது இப்படித்தான். சைக்கிளிற் செல்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவருக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை. இரு கைகளும் உலகறிய வெளியே இருக்கின்றன. எனவே பிரித்தானிய வழக்கிலே, இடப்பக்கம் திரும்பும் சைக்கிளோட்டி இடக்கையை நேராக நீட்டினாற் போதும்.

இவ்வாறு, ஒரே வீதியில், ஒரே திருப்பத்துக்கு, இரண்டு சைகைகள் உண்டாயின. மோட்டார்க்காரர் வலக்கையைச் சுழற்றினார். சைக்கிள்காரர் இடக்கையை நீட்டினார். குழப்பத்தின் முதல் விதை இங்கேதான் விழுந்தது.

நமது நாட்டிலே மோட்டார்ப் போக்குவரத்தை முறைப்படுத்திய முக்கியமான சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அக்காலத்துப் பஸ் சாரதியின் வலக்கை ஜன்னலுக்கு வெளியேயும் வேலை செய்துகொண்டிருந்தது. சிறுவர்கள் சைக்கிள் பழகும்போது சைகைக்கு ஆசிரியராகக் கண்டது அந்தக் கையையேயாகும். வீதிச் சைகைகளை விளக்கும் புத்தகம் கிராமத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே பஸ் வந்து சேர்ந்துவிட்டது. ஆதலால் இடப்பக்கம் திரும்பும் சைக்கிளோட்டியும் வலக்கையைச் சுழற்றிக் காட்டும் வழக்கம் எங்கும் பரவியது. இடக்கையால் ஒன்றைச் சுட்டுவதும் கொடுப்பதும் மரியாதையன்று என்று தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் குழந்தைக்குக் கற்பிக்கிறோமல்லவா? அந்தப் பழக்கமும் சுழற்றும் வலக்கைக்கே துணைநின்றது என்று கருத இடமுண்டு.

இத்தனை குழப்பத்திலும் அக்காலத்துக்கு ஒரு சிறப்பு இருந்தது. பஸ் சாரதியும் கையாற் பேசினார். லொறிச் சாரதியும் கையாற் பேசினார். சைக்கிள்காரரும் கையாற் பேசினார். தானே பேசும் மொழியைப் பிறர் பேசும்போது எவரும் விளங்கிக்கொள்வர். மேலும், வீதிகள் ஒடுக்கமாயிருந்தன. பெரியநீலாவணையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்பவர் கல்லடிப் பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். 1924ஆம் ஆண்டிலே கட்டப்பட்டு, அந்நாளைய தேசாதிபதியின் மனைவியான மனிங் சீமாட்டியின் பெயரைப் பெற்ற அந்த இரும்புப் பாலம் ஒரு வாகனம் செல்லும் அகலமே உடையது. ஒரு கரையிலிருந்து வருபவருக்காக மற்றக் கரையிலிருப்பவர் காத்து நிற்பார். காத்து நிற்பவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார். 2013ஆம் ஆண்டிலே அதனருகே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது நல்லதே. முகம் பார்க்கும் பழக்கமும் அதனுடன் குறைந்தது.

கையின் ஆட்சி குறைந்தது விளக்கினால். 1914ஆம் ஆண்டளவிலே, ஃபுளோரன்ஸ் லோரன்ஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட நடிகை, பொத்தானை அமுக்கியதும் திரும்பும் பக்கத்தைக் காட்டும் ஒரு கருவியைத் தமது மோட்டார் வண்டிக்கு அமைத்துக்கொண்டார். பின்னர், வண்டியின் பக்கத்திலிருந்து சிறு கைபோல் வெளியே எழுந்து நிற்கும் சைகைக்கோல்கள் வந்தன. புகையிரதப் பாதையின் கைகாட்டி மரத்தைச் சிறிதாக்கி வண்டியிற் பொருத்தியது போல அவை இருந்தன. நம் நாட்டிலே பெருவழக்குப் பெற்ற மொறிஸ் மைனர் கார்களிலே 1961ஆம் ஆண்டு வரை இத்தகைய கோல்களே இருந்தன. மனிதக் கைக்குப் பதிலாக இரும்புக் கை! அமெரிக்காவிலோ 1939இலேயே பியூக் கம்பனி தனது கார்களிலே மின்னி மின்னி அணையும் விளக்கைப் பொருத்திவிட்டது. கோல்கள் மறைந்தன, விளக்கு நிலைத்தது.

விளக்கு வந்த பின்னர் சாரதிகளின் கை உள்ளே போயிற்று. பிரித்தானியாவிலே 1935ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட சாரதிப் பரீட்சையிலே கைச்சைகைகளைச் செய்து காட்டவேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டிலே அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. கைச்சைகை சட்டத்தினின்று மறைந்துவிடவில்லை. புத்தகத்திலே இன்றும் இருக்கிறது. ஆனால், நாவிலே வழங்காத மொழி ஏட்டில் மட்டும் இருந்தால் எவ்வளவு காலம் விளங்கும்? இன்று வீதியிலே கையாற் பேசுபவர் சைக்கிளோட்டி ஒருவரே. கேட்பவர்களோ விளக்கினாற் பேசுகிறவர்கள். ஒருபக்கத்தார் மட்டும் பேசும் மொழியாகிவிட்டது இது.

அப்படியானால் பிறர் அதனை விளங்கிக்கொள்கிறார்களா?

நேராக நீட்டிய கை பெரும்பாலும் விளங்குகிறது. திசையைச் சுட்டும் கையை எந்த நாட்டுக் குழந்தையும் அறியும். அதற்குப் பரீட்சை வேண்டியதில்லை. விளங்காதவை ஏனையவை. சுழலும் கையைப் பார்த்து, ‘இடப்பக்கம் திரும்புகிறார்’ என்று ஒருவர் கொள்வார். ‘என்னை முந்திப்போகச் சொல்கிறார்’ என்று மற்றொருவர் கொள்வார். முதலாமவர் வேகத்தைக் குறைப்பார். இரண்டாமவர் வேகத்தைக் கூட்டுவார். இரண்டு பொருளுக்கும் உள்ள தூரம் இவ்வளவு. மேலும் கீழும் அசையும் கையை, தெரிந்த ஒருவரைக் கண்டு கூப்பிடும் கை என்றும் எண்ணலாம். ஊரிலே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாயிருக்கும்போது இந்த ஐயம் இன்னும் அதிகம்.

இது நமது குறைபாடு மட்டும் என்று எண்ணவேண்டா. அமெரிக்காவிலே வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்வன. சாரதி இடப்பக்கத்தில் அமர்பவர். எனவே அங்கே இடக்கையே பேசும் கையாயிற்று. இடக்கையை நீட்டினால் இடப்பக்கம். முழங்கையை மடித்து மேலே உயர்த்தினால் வலப்பக்கம். கீழே தொங்கவிட்டால் நிற்றல். சைக்கிளோட்டிக்கும் இதையே விதித்தனர். மேலே உயர்ந்த இடக்கை வலப்பக்கத்தைக் குறிக்கும் என்பதை விளங்காதவர் பலராயினர். இறுதியில் பல மாநிலங்கள் சைக்கிளோட்டி வலக்கையை வலப்பக்கம் நீட்டிக் காட்டலாம் என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டன. டென்மார்க்கிலோ கையை உயர்த்தினால் ‘நிற்கப்போகிறேன்’ என்று பொருள். ஒரே உயர்ந்த கை. நாட்டுக்கு நாடு வெவ்வேறு செய்தி.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரித்தானியாவின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வோக்கர் என்னும் உளவியலறிஞர், சந்திகளிலே சைக்கிளோட்டியைக் காணும் சாரதிகளின் மனநிலையை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். சைகை செய்தியை அறிவிக்கிறது என்பது அவர் கண்ட முடிவின் ஒரு பாதி. சைகையைக் கண்ட சாரதி முடிவெடுக்கச் சற்று அதிக நேரம் எடுக்கிறார் என்பது மறுபாதி. விளக்கைக் காண்பதுபோல் மனிதரைக் காண இயலாது போலும். முகத்தையும் பார்வையையும் கையையும் ஒருங்கே படிக்க மனம் முயல்கிறது. அதற்கு நேரம் செல்கிறது. கண நேரந்தான், ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனிலே ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். காப்பெற் இட்ட அகன்ற வீதியிலே அந்த வேகம் எளிதில் வந்துவிடுகிறது.

விளக்கு மட்டும் பொய் சொல்வதில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லுகிறது. திரும்பி முடிந்த பின்னரும் அணைக்க மறந்த விளக்கோடு ஒரு மைல் செல்லும் மோட்டார் சைக்கிள்களை நாம் காண்கிறோம். லொறியின் வலப்பக்க விளக்கு மின்னினால், ‘முந்தாதே’ என்று சிலரும் ‘முந்திப் போ’ என்று சிலரும் பொருள் கொள்ளும் வழக்கம் தென்னாசிய நாடுகளில் இன்றும் தீரவில்லை. ஆகவே பிழை கையினுடையதுமன்று, விளக்கினுடையதுமன்று. இருபக்கத்தாரும் ஒரே பொருளை ஏற்றுக்கொள்ளாத எந்தக் குறியும் ஊமையேயாம்.

சைக்கிளோட்டியின் பக்கத்திலும் குறைகள் உண்டு. மோட்டார் வண்டி ஓட்டுபவருக்குப் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் உண்டு. துவிச்சக்கரவண்டிக்கு அவை இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஏழையின் வாகனத்துக்கு அந்தச் சுதந்திரம் தகும். உள்ளூராட்சி மன்றங்கள் சைக்கிளுக்கு ஆண்டுவரி வாங்கிக்கொண்டு ஒரு தகட்டைக் கொடுத்த காலமும் இருந்தது. அந்தத் தகடு வரி செலுத்தியமைக்குச் சான்று, வீதியறிவுக்குச் சான்றன்று. விளக்கில்லாமற் சென்றதற்கும், ஒரு சைக்கிளில் இருவர் ஏறிச் சென்றதற்கும் பொலிசாரிடம் அகப்பட்டவர்களைப் பற்றி முதியோர் சிரித்துக்கொண்டு சொல்லுவர். கை காட்டாமல் திரும்பியதற்கு அகப்பட்டவரைக் காண்பது அரிது.

கை காட்டுவது எளிய செயலுமன்று. 1968ஆம் ஆண்டு வியன்னா நகரிலே உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, சைக்கிளோட்டி ஒரு கையாலேனும் ஹாண்டிலைப் பிடித்திருக்கவேண்டும் என்று விதிக்கிறது. நம் நாட்டுச் சைக்கிள்களிலே வலப்பக்கப் பிடி முன்சக்கரப் பிறேக். இடப்பக்கப் பிடி பின்சக்கரப் பிறேக். வலக்கையை நீட்டும்போது பின்பிறேக் இடக்கையில் இருக்கிறது, அது பாதுகாப்பு. இடக்கையை நீட்டும்போது முன்பிறேக் மட்டுமே மிஞ்சுகிறது. பதற்றத்திலே அதனை அழுத்திப் பிடித்தால் ஆளே முன்னுக்கு விழுந்துவிடுவார். கரியரிலே மீன்பெட்டியைக் கட்டியவரும், மருதமுனைச் சாரங்களையும் சேலைகளையும் மூட்டையாக ஏற்றியவரும், முன்தண்டிலே பிள்ளையை இருத்தியவரும் ஒரு கையை எடுத்தால் வண்டி தள்ளாடும். அவர்கள் கை காட்டாமைக்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. பாரமும் காரணம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் இக்கரையைத் தாக்கியபின், கடலோரத்தை விட்டு மேற்கே வீடு மாறியவர்களும் உண்டு. தொழிலோ கடலிலேதான். வலையும் மீனுமாக நெடுஞ்சாலையைக் கடக்கும் பயணம் அவர்களுக்கு நாளாந்தக் கடமையாயிற்று.

ஆகவே கற்பித்தல் ஒன்றே வழி. பிரித்தானியாவிலே 1947ஆம் ஆண்டு தொடக்கம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டத்திலே தேர்ச்சிப் பரீட்சை நடத்தினர். நெதர்லாந்திலே தொடக்கப் பள்ளி மாணவர் வீதி விதிகளை எழுதியும், சைக்கிளில் ஏறிச் சென்று செய்துகாட்டியும் தேறுகின்றனர். அந்தப் பிள்ளைகளே வளர்ந்து மோட்டார் ஓட்டுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சிறுவயதிலே கையாற் பேசியவர், பெரியவரானபின் கைமொழியை மறப்பதில்லை. நம் அண்டையிலே, தமிழகத்துப் புதுக்கோட்டை மாவட்டத்திலே, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலாராணி சுங்கத் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினர். எழுத்தும் சைக்கிளும் ஒரே வகுப்பிற் கற்பிக்கத்தக்கவை என்று அவ்வியக்கம் காட்டியது. எழுத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல வீதிக்கும் இலக்கணம் உண்டு. அதையும் அதே வகுப்பிற் சேர்த்துவிடலாம்.

அந்த இலக்கணத்தின் சுருக்கம் என்ன? ஐந்து சைகைகளையும் மனப்பாடஞ் செய்யுமாறு நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. எல்லார்க்கும் விளங்குவது நீட்டிய கை. ஆகையால் போகும் பக்கத்துக் கையையே நேராக, தோளளவு உயரத்தில், உறுதியாக நீட்டுக. சுழற்றும் சைகையைச் சைக்கிளோட்டி கைவிடுவதே நன்று. நீட்டுவதற்கு முன் பின்னே திரும்பிப் பார்க்க. பார்க்கும் முகமே முதலாவது சைகையாகும். திரும்பும் அதே கணத்தில் நீட்டிய கை அறிவிப்பாகாது. மூன்று செக்கனாயினும் முன்னதாக நீட்டுக. மூன்று செக்கனிலே, முன் சொன்ன வேகத்தில் வரும் வண்டி 50 மீற்றர் ஓடும். மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரை நிறுத்துவதற்கு ஏறத்தாழ 36 மீற்றர் வேண்டும் என்பது பிரித்தானியக் கைந்நூற் கணக்கு. எனவே அந்த மூன்று செக்கன் உயிரைக் காக்கப் போதுமானது. ஒரு செக்கன் போதாது. கையை நீட்டியபின் ஹாண்டிலை மீண்டும் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே திரும்புக.

கை காட்டியதனால் வழி தமக்கு உரிமையாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. சைகை ஒரு வேண்டுகோள். பின்னே வருபவர் வேகத்தைக் குறைத்தாரென்று கண்ட பின்னரே அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும். ஐயமிருந்தால், பாரமிருந்தால், இருட்டாயிருந்தால், வீதியின் இடப்பக்க ஓரத்தில் இறங்கி நின்று, இருபக்கமும் வெறுமையானபின் வண்டியை உருட்டிக்கொண்டு கடப்பதிலே வெட்கமொன்றுமில்லை. இருளிலே கை தெரியாது. இறங்கி நிற்பவர் தப்பிக்கொள்வார்.

பஸ், லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் ஓட்டும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வண்டியைச் சுற்றி இரும்பிருக்கிறது; இல்லாவிட்டால் இயந்திர வலுவாவது இருக்கிறது. சைக்கிளிற் செல்பவருக்குத் தம் உடம்பேயன்றி வேறு காப்பில்லை. ஹாண்டிலை விட்டு அவர் ஒரு கையை எடுக்கிறார் என்றால், தம் நிலையைச் சற்றுக் குலைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்றைச் சொல்லுகிறார் என்பதே பொருள். சொல்லப்பட்டது இன்னதென்று தெளிவாக விளங்காவிட்டாலும், ஏதோ செய்யப்போகிறார் என்பது மட்டும் நிச்சயம். அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றே: வேகத்தைக் குறைத்து, முந்தாமல் இருத்தல். ஒலிப்பானை அழுத்துவது மறுமொழியாகாது. ஒரு கையில் நிற்பவரைத் திடுக்கிடச் செய்தால் அவர் விழுவார்.

மட்டக்களப்பிலிருந்து பெரியநீலாவணையைத் தாண்டிக் கல்முனை வரையும், அதற்கப்பாலும் செல்லும் அந்த ஒரு வீதியிலே, பாடசாலை விடும் நேரத்தில் வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் வருகிறார்கள். சிலர் கடற்பக்கம் திரும்பவேண்டும். சிலர் வாவிப்பக்கம் திரும்பவேண்டும். ஓதப் போகும் பிள்ளையும் உண்டு. தேவாரம் பாடப் போகும் பிள்ளையும் உண்டு. அவர்கள் நீட்டும் கைக்கு மதமில்லை. அதற்கு ஒரே பொருள்தான். பேசும் பிள்ளைக்கு நேராகப் பேசக் கற்பிப்பது வீட்டினதும் பாடசாலையினதும் கடமை. கேட்கும் பெரியவர் நின்று கேட்பது வீதியிலுள்ளோர் அனைவரதும் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினால், துணிக்கடியிலே முத்து வியாபாரிகள் பேசிய மொழியைப்போல, திறந்த வெளியிலே நம் பிள்ளைகள் பேசும் மொழியும் பிசகாமல் விளங்கும்.